மேக்ஓஎஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு திறக்க மறுக்கும் செயலிகள்: பூட்டியது யார் என்று கண்டறிதல்

மேக் கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய மறுநாள், நேற்று வரை ஒழுங்காக ஓடிய செயலி ஒன்று திறக்க மறுத்தால், அது "பூட்டிக்கொண்டது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் பல வகைப் பூட்டுகள் அடங்கியிருக்கின்றன. சிலவற்றைப் போட்டது ஆப்பிளின் பாதுகாப்பு ஏற்பாடு. சிலவற்றை நாமே எப்போதோ போட்டு மறந்திருப்போம். ஒன்று பூட்டே அல்ல, கதவையே பெயர்த்தெடுத்துச் சுவர் எழுப்பியது. எந்தப் பூட்டு என்று தெரியாமல் இணையத்தில் கிடைத்த கட்டளையை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஒட்டிப் பார்ப்பதுதான் சிறு கோளாறைப் பெரிதாக்கும் வழி.

முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. திரையில் தோன்றும் எச்சரிக்கையை "ஓகே" அழுத்தி விரட்டாமல், சொல் விடாமல் படித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூட்டு என்பதற்கான துப்பு பெரும்பாலும் அந்த வாசகத்திலேயே இருக்கும். அடுத்து, செயலியை உடனே குப்பைத்தொட்டிக்கு இழுக்காதீர்கள். ஒருமுறை அவசரப்பட்டு அப்படி இழுத்த பிறகுதான், உரிம எண்ணை எங்குமே குறித்து வைக்கவில்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது அப்ளிகேஷன்ஸ் கோப்புறையைத் திறந்து சின்னத்தைப் பாருங்கள். சின்னத்தின் மேல், வாகனம் நிறுத்தத் தடை சொல்லும் சாலைப் பலகையைப் போல வட்டமும் குறுக்குக் கோடும் தெரிந்தால், அந்தச் செயலி இந்த இயங்குதளத்தில் ஓடாது என்று பொருள். 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா, அதாவது 10.15 பதிப்பு, 32 பிட் செயலிகளை, அதாவது இன்றைய 64 பிட் வகைக்கு முந்தைய பழைய வகைச் செயலிகளை, அடியோடு கைவிட்டது. 2018இல் வந்த மொஜாவேதான் அவற்றை ஓடவிட்ட கடைசிப் பதிப்பு. பழைய மேக்கை நெடுநாள் மேம்படுத்தாமல் வைத்திருந்துவிட்டு ஒரே தாவலில் புதிய பதிப்புக்குப் போகிறவர்களை இது இன்றும் திடுக்கிட வைக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2011, குவிக்டைம் பிளேயர் 7 ஆகியவை இந்தத் தடைக்கு ஆளான நன்கு அறியப்பட்ட செயலிகள். கடவுச்சொல், அனுமதி, மறுநிறுவல் எதுவும் இவற்றை எழுப்பாது.

இந்த நிலைக்கு உள்ள வழிகளில் முதலாவது, அதே செயலியின் 64 பிட் பதிப்பை வாங்குவது. இரண்டாவது, கோப்புகளை மட்டும் மீட்பது. ஆஃபீஸ் 2011இல் உருவாக்கிய ஆவணங்களைப் புதிய ஆஃபீஸும் லிப்ரெஆஃபீஸும் பேஜஸும் திறக்கும் என்பதால், பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இதுவே. மூன்றாவது, இன்டெல் சில்லு கொண்ட மேக் என்றால், வெளி வன்தட்டு ஒன்றில் மொஜாவேயை நிறுவித் தேவைப்படும்போது அதிலிருந்து தொடங்குவது, அல்லது பேரலல்ஸ் போன்ற மெய்நிகர் கணினிச் செயலிக்குள் அதை ஓடவைப்பது. வன்தட்டு வழிக்கு ஒரு வரம்பு உண்டு: ஒரு மேக் எந்தப் பதிப்போடு ஆலையிலிருந்து வந்ததோ, அதற்கு முந்தைய பதிப்பை அதில் நேரடியாக நிறுவ முடியாது. கேட்டலினாவோடு வந்த 2019ஆம் ஆண்டின் 16 அங்குல மேக்புக் புரோவில் மொஜாவே தொடங்காது. இன்னும் மொஜாவேயிலேயே இருப்பவர்கள், மேம்படுத்தும் முன் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் சாஃப்ட்வேர் பகுதியின் கீழ் உள்ள லெகசி சாஃப்ட்வேர் பட்டியலைப் பார்த்தால், எவை எவை நின்றுபோகும் என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எம்1 முதலான ஆப்பிள் சில்லு கொண்ட கணினிகளில் இன்டெல் செயலிகள் ரொசெட்டா என்னும் மொழிமாற்றியின் துணையோடு ஓடுகின்றன. அது நிறுவப்படாதிருந்தால், இன்டெல் செயலியைத் திறக்கும்போது கணினியே அதை நிறுவிக்கொள்ளட்டுமா என்று கேட்கும், சம்மதித்தால் போதும். செயலியைத் தேர்ந்தெடுத்து கமாண்ட் விசையோடு ஐ விசையை அழுத்தினால் வரும் கெட் இன்ஃபோ சாளரத்தில், "கைண்ட்" என்ற வரியில் இன்டெல் என்று மட்டும் இருந்தால் அது ரொசெட்டாவை நம்பியிருக்கிறது. இன்டெல்லுக்கு முன் ஆப்பிள் பயன்படுத்திய பவர்பிசி சில்லுக்கான செயலிகளுக்காக இருந்த முந்தைய ரொசெட்டாவை 2011இல் லயன் பதிப்பு கைவிட்டது. இப்போதைய ரொசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரை மட்டுமே பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் என்று ஆப்பிள் அறிவித்திருப்பதால், இன்டெல் என்று காட்டும் செயலிகளின் பட்டியல் ஒன்றை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சின்னத்தின் இடது கீழ் மூலையில் சிறிய பூட்டுப் படம் தெரிந்தால், அது சொல்லுக்கு ஏற்ற பூட்டுதான். அதே கெட் இன்ஃபோ சாளரத்தில் "லாக்டு" என்ற கட்டத்தில் உள்ள குறியை நீக்குங்கள். கட்டம் மங்கலாக இருந்தால், சாளரத்தின் அடியில் உள்ள பூட்டைச் சொடுக்கி நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுத்த பின் முயலுங்கள். கூடவே "ஷேரிங் அண்ட் பெர்மிஷன்ஸ்" பகுதியையும் பாருங்கள். பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த செயலிகளுக்குச் சில நேரம் இப்போது இல்லாத ஒரு பயனர் உரிமையாளராக இருப்பார். அப்போது செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாமல் திணறும். ஒவ்வொரு அனுமதியாகத் திருத்துவதைவிட, உரிம எண்ணைக் குறித்துக்கொண்டு செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவது எளிது. செயலியைக் குப்பையில் போடுவதால் உங்கள் லைப்ரரி கோப்புறையில் உள்ள அதன் அமைப்புகள் அழிவதில்லை. மெயில், சஃபாரி, செஸ் போன்றவற்றை நீக்க முடியவில்லை என்றால் அது கோளாறு அல்ல. கேட்டலினா முதல் அவை எழுத இயலாத தனிப் பகுதியில் இருக்கின்றன.

எச்சரிக்கை வாசகத்தில் செயலியின் தயாரிப்பாளரைச் சரிபார்க்க முடியவில்லை என்றோ, அதில் தீநிரல் இல்லை என்று ஆப்பிளால் உறுதி செய்ய முடியவில்லை என்றோ இருந்தால், தடுப்பது கேட்கீப்பர். 2012 முதல் உள்ள இந்தக் காவல், கேட்டலினாவில் ஆப்பிளின் சோதனையில் தேறிய முத்திரையையும் கேட்கத் தொடங்கியது. முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கித் திறந்தால் அது வழிவிடும்; 2024இல் வந்த செக்வோயா அந்தக் குறுக்குவழியை அடைத்துவிட்டது. இப்போது ஒருமுறை திறக்க முயன்று தடுக்கப்பட்ட பின், சிஸ்டம் செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதிக்குப் போய்க் கீழே இறங்கினால் "ஓப்பன் எனிவே" என்ற பொத்தான் இருக்கும். நீங்கள் முயன்ற நேரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டுமே அது தெரியும் என்பதால், காணவில்லை என்றால் செயலியை மறுபடி திறக்க முயன்றுவிட்டு வந்து பாருங்கள். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்த செயலிக்கு மட்டுமே இதைச் செய்யுங்கள்.

செயலி "டேமேஜ்டு" என்று அறிவித்து, குப்பையில் போடச் சொல்லும் வாசகம் வேறு. செயலியின் உட்பகுதி மாறியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாவிட்டாலும் இது வரும். புதிய பிரதியைப் பதிவிறக்குங்கள். அதுவும் அப்படியே சொன்னால் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். கேட்கீப்பரை முழுவதுமாக அணைக்கும் கட்டளைகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஒரு செயலிக்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துபோடுவதை நான் ஏற்கமாட்டேன்.

செயலி திறக்கிறது, ஆனால் உங்கள் கோப்புகளைத் தொட முடியாமல் நிற்கிறது என்றால், அதே பிரைவசி பகுதியில் "ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்", "ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்" ஆகிய பட்டியல்களைப் பாருங்கள். பெயருக்கு எதிரே அனுமதி இருப்பது போலத் தெரிந்தாலும், அதை அணைத்து மீண்டும் போட்டுச் செயலியை மூடித் திறந்தால் சரியாகிவிடுவது உண்டு. விபிஎன், வைரஸ் தடுப்பு, ஒலிக்கருவிகளுக்கான இயக்கிகள் ஆகியவை இயங்குதளத்தோடு இணைந்து இயங்கும் அமைப்பு நீட்சிகளை நம்புவதால், அவற்றுக்குத் தனி ஒப்புதலும் கணினியை மறுதொடக்கம் செய்வதும் தேவைப்படலாம்.

சின்னம் மங்கிப்போய் அருகே மணற்கடிகாரம் தெரிந்தால், ஸ்கிரீன் டைம் வேலை செய்கிறது. ஐபோனில் நீங்கள் வைத்த நேர வரம்பு, சாதனங்களுக்கிடையே பகிரும் வசதி இயங்குவதால் மேக்குக்கும் வந்திருக்கும். அலுவலகம் கொடுத்த கணினி என்றால் வரம்பை வைத்தது நிர்வாகப் பிரிவாக இருக்கலாம். அங்கே கேட்பதைத் தவிர வேறு வழி தேட வேண்டாம்.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால், சிஸ்டம் செட்டிங்ஸில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் செயலியைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் செயலி நலமாகத்தான் இருக்கிறது. கோளாறு உங்கள் கணக்கில் உள்ள அதன் அமைப்புக் கோப்பில். பழைய கணக்குக்குத் திரும்பி, ஃபைண்டரின் "கோ" பட்டியைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால் மறைந்திருக்கும் லைப்ரரி கோப்புறை தோன்றும். அதனுள் பிரிஃபரன்சஸ் கோப்புறையில் அந்தச் செயலியின் பெயரைத் தாங்கிய கோப்பை அழிக்காமல் மேசைத்திரைக்கு நகர்த்தி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் முயலுங்கள். பலன் இல்லாவிட்டால் கோப்பை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடலாம்.