செற்றியைக் கவிழ்த்துப் பாருங்கள்: பிள்ளைகளும் பிராணிகளும் உள்ள வீட்டுக்குத் தளபாடம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் தளபாடக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை, பிறகு விலையை. "பிள்ளையள் இருக்கிற வீடு, ஊத்தை தெரியாத நிறமாத் தாங்கோ" என்று கேட்டு, கடும் மண்ணிற ரெக்சின் செற்றி ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வருவோம். நானும் அப்படித்தான் வந்தேன். மூன்றாவது மழைக்காலம் முடிவதற்குள் அது பாம்பு செட்டை கழற்றுவதுபோல உரியத் தொடங்கியது. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பூனையில் பழியைப் போட்டோம். பூனை செய்தது கொஞ்சம்தான். மிச்சத்தைச் செய்தது ஊரின் காற்று.

ரெக்சின் என்ற ஒரே பெயரில் விற்பதில் இரண்டு வகை உண்டு. பொலியுரித்தேன் பூச்சுள்ளது கைக்கு மெத்தென்று இருக்கும், பார்க்கவும் தோல் மாதிரியே தெரியும். ஆனால் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் பிணைப்புகள் அறுந்து, செதில் செதிலாக உதிரும். கடற்கரை ஊருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிவிசி வகை ஈரத்தால் அப்படி உதிராது. அதை மெதுமையாக வைத்திருக்கும் சேர்மானம் நாளடைவில் வெளியேறுவதால் விறைத்து வெடிக்கும். யன்னல் வெயில் படும் பக்கம் முதலில் போகும். உண்மைத் தோல் என்றால் மார்கழி மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றிலுமே ஒரு கீறல் விழுந்தால் தைத்துச் சரிப்படுத்த முடியாது. இங்கேதான் நாம் விடும் பெரிய பிழை இருக்கிறது. பிள்ளையும் நாயும் உள்ள வீட்டில் கெடாத பொருள் என்று ஒன்று இல்லை. கெட்டால் ஊரிலேயே திருத்த முடியுமா என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய கேள்வி.

அதனால் செற்றிக்குத் துணிதான் நல்லது. உறை கழற்றக்கூடியதாக, சிப் வைத்துத் தைத்ததாக இருக்கட்டும். முடிந்தால் இரண்டு சோடி உறை. துணியின் நெசவைக் கவனியுங்கள். வளையம் வளையமாக இழை எழும்பி நிற்கும் துணியில் பூனையின் நகம் கொளுவும். கொளுவினால் அதற்குக் கொண்டாட்டம். நெருக்கமாக நெய்த துணியிலும் வெல்வெட் போன்ற குட்டை இழைத் துணியிலும் நகம் பிடிக்காது. கடையில் விரல் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். உங்கள் நகத்துக்கு இழை எழும்பினால் பூனைக்கும் எழும்பும். தேய்மானத்துக்கு மார்ட்டிண்டேல் என்றொரு அளவு இருக்கிறது, துணி எத்தனை உரசலைத் தாங்கும் என்ற எண்ணிக்கை அது. பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் செற்றிக்கு 25,000க்கு மேல் இருந்தால் நல்லது. உள்ளே உள்ள பஞ்சின் (ஃபோம்) அடர்த்தி கன மீற்றருக்கு 30 கிலோவுக்குக் குறைந்தால், முழங்காலில் நின்று தொலைக்காட்சி பார்க்கும் பிள்ளை ஒரு வருடத்திலேயே பள்ளம் விழுத்திவிடும். கடைக்காரர் இந்த எண்களைச் சொல்லத் தெரியாமல் முழிக்கலாம். அதுவும் ஒரு பதில்தானே.

நிறத்தில், கடும் நிறம் ஊத்தையை மறைக்கும் என்பது பாதிதான் உண்மை. கறுப்புச் செற்றியில் வெள்ளை நாயின் மயிர் கோலம் போட்டதுபோலத் தெரியும். உங்கள் நாயின் நிறத்துக்குக் கிட்டிய நிறத்தை எடுங்கள். சிரிக்க வேண்டாம், பலனுள்ள யோசனை. அழகு வேண்டுமென்றால் குஷன் உறைகளில் காட்டலாம். மருதமுனைக் கைத்தறித் துணியில் தைத்தால் வீட்டுக்கே ஒரு களை வரும், பழுதானால் அந்த உறையை மட்டும் மாற்றினால் போதும். கறி மஞ்சள் பட்டால் பதற வேண்டாம். சவர்க்காரம் போட்டதும் அது சிவந்து பயமுறுத்தும். அலசி வெயிலில் காய விடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது.

பூனை செற்றியைச் சுரண்டுவது கெட்ட பழக்கம் அல்ல. பழைய நகத்தோட்டைக் கழற்றவும், பாதத்தில் உள்ள மணத்தைப் பூசி "இது என் இடம்" என்று சொல்லவும் அது எங்காவது சுரண்டியே ஆகும். செற்றி வாங்குகிற அன்றே, ஆடாத ஒரு மரக்குத்தியில் தும்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, செற்றியின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். பூனை முழு நீளத்துக்கு எட்டி நிமிர வேண்டும். மூன்றடி உயரம் தேவை. குத்தியைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைத்தால் பயனில்லை. மணத்தை ஆட்கள் புழங்கும் இடத்தில் பூசத்தான் அதற்கு விருப்பம். (பிராணி என்று நான் சொல்வது நாய், பூனையைத்தான். கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் உலாவ வரும் புள்ளிமான்கள் இன்னும் வீட்டுக்குள் வரத் தொடங்கவில்லை.)

சிறுநீர் விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்தது பெரிய கூத்து. நாய்க்குட்டி நனைத்த பஞ்சைக் கழுவிக் காயவைத்து, மணம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தோம். ஐப்பசி மழை தொடங்கியதும் "அம்மா, செற்றி மணக்குது" என்றான் மகன். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் இலேசில் கரையாது. காய்ந்து பளிங்காகப் பஞ்சுக்குள் இருந்து, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் மணக்கும். அதைச் சிதைக்க நொதியம் கலந்த துப்புரவுத் திரவம் வேண்டும். அமோனியா கலந்த திரவம் போட்டால் நாய்க்கு அதுவே சிறுநீர் மாதிரி மணந்து, திரும்பவும் அதே இடத்துக்கு வரும். பிளீச் ஊற்றவே வேண்டாம். சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும், பிள்ளைகள் புழங்கும் அறை. எல்லாவற்றையும்விடச் சுலபம், பஞ்சுக்கும் உறைக்கும் நடுவில் தண்ணீர் ஊறாத உள்ளுறை ஒன்றைப் போட்டுவிடுவது.

மரத்துக்கு வருவோம். தேக்கு, முதிரை, பலா என்று பெயரைக் கேட்டதும் மயங்குவது அடுத்த பிழை. பெயர் எதுவானாலும் வைரம் பாய்ந்த நடுப்பகுதிதான் நிற்கும். ஓரத்து வெள்ளை மரத்தை உளுவும் கறையானும் தேடி வந்து தின்னும். மேலே சாயம் பூசிப் பொலிஷ் போட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கீழே யாரும் பூசுவதில்லை. ஆகவே மேசையை, கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். வெளிறிய பட்டை தெரிகிறதா, ஊசித்துளையும் மாவும் இருக்கிறதா, மூட்டுகள் கழுந்து இறக்கி (ஒரு மரத்தின் முனையை மற்றதன் துளைக்குள் பொருத்தி) செய்தவையா அல்லது ஆணி அடித்து மறைத்தவையா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தூளை அமுக்கிச் செய்த பலகைத் தளபாடம் பார்க்க வடிவுதான். ஆனால் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீட்டில் அதன் கால் பாணைப்போல ஊதும். ஊதினால் எந்த ஓடாவியாலும் ஒன்றும் செய்ய முடியாது. செற்றியின் அடியில் தும்புத்தடி நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். மயிர் உருண்டையும், காணாமல் போன விளையாட்டுச் சாமான்களும் அங்கேதான் குடியிருக்கும்.

இரும்பு பற்றிச் சுருக்கமாக: உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்கு முகம் வைத்த வீடென்றால் பிணைச்சலும் ஆணியும்தான் முதலில் துருப்பிடிக்கும். பித்தளை கேளுங்கள், அல்லது 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கு. ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். பலமாக ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உயரமான அலுமாரியைச் சுவரோடு பூட்டாமல் விடுவதை மட்டும் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை, அது ஆபத்து. லாச்சிகளை இழுத்துப் படிபோல ஏறுவது பிள்ளைகளின் இயல்பு. 2016இல் ஐக்கியா என்ற தளபாட நிறுவனம் அமெரிக்காவில் 2 கோடி 90 இலட்சம் லாச்சி அலுமாரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது, அவை கவிழ்ந்து பிள்ளைகள் இறந்ததால்தான். ஒரு எல் வடிவத் தகடும் இரண்டு திருகாணியும் போதும். உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல் சுவரென்றால் அதற்கேற்ற செருகியைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணமானது ஒரு இழுவைக்கே கழன்று வரும்.

ஓடாவியிடம் சொல்லிச் செய்விப்பவர்கள் பருவத்தையும் யோசிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும், மாரியில் ஊதும். போன கார்த்திகையில் எங்கள் லாச்சி இறுகித் திறக்க முடியாமல் போனது. சீவுளியோடு வரச் சொல்லி ஆளனுப்பினேன். வந்தவர் இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சீவினா கோடைக்கு ஓட்டை தெரியும் பிள்ளை. மழை போகட்டும்" என்று சொல்லி, ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுப் போனார். மாசி பிறந்ததும் லாச்சி தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது.