தலையில் இடி விழுந்ததா? ஐ சிங் குறியில் நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் நண்பன் ஒருவன் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். அலுவலகத்தில் ஆள்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு. "என் வேலை போகுமா?" என்று கேட்டு, மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை உருட்டி, பழைய சீனக் குறி நூலான ஐ சிங்கில் பலன் பார்த்திருக்கிறான். முழுக்கோடும் உடைந்த கோடுமாக ஆறு கோடுகளை அடுக்கினால் ஒரு வடிவம்; அப்படி 64 வடிவங்களில் அவனுக்கு வந்தது 51ஆவது. சீனத்தில் அதன் பெயர் ஜென் (ஜென் பௌத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பொருள், இடி. "தலையில இடின்னு நேராவே சொல்லிடுச்சுடா" என்றான்.

கோடுகளைக் கீழிருந்து மேலே போட்டானா, மேலிருந்து கீழே போட்டானா என்றுதான் முதலில் கேட்டேன். ஐ சிங்கில் முதல் கோடு அடியில் வரும், ஆறாவது கோடு உச்சியில். நாம் எழுதிப் பழகிய கை மேலிருந்தே தொடங்கும். ஜென் விஷயத்தில் இது வேடிக்கையாகப் போய் முடியும். அதைத் தலைகீழாக்கினால் 52ஆவது வடிவமான ‘கென்’ வந்துவிடும். அது மலை, அசையாமல் இருப்பது. உலகமே ஆடுகிறது என்று வந்த குறியை ‘சும்மா இரு’ என்று படித்துவிட்டுத் தூங்கப் போகலாம். நல்லவேளை, அவன் சரியாகவே போட்டிருந்தான்.

நாணயத்தின் ஒரு பக்கத்துக்கு 3, மறு பக்கத்துக்கு 2. எந்தப் பக்கத்துக்கு எது என்பதை உருட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும், பார்த்த பிறகு அல்ல. ஒரு தடவை உருட்டி மூன்றையும் கூட்டினால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று வரும், அது ஒரு கோடு; இப்படி ஆறு தடவை. 7 முழுக்கோடு, 8 நடுவில் உடைந்த கோடு. 9 முழுக்கோடுதான், ஆனால் உடையப்போகிற கோடு. 6 உடைந்த கோடு, முழுசாகப்போவது. அவனுக்குக் கீழிருந்து 7, 6, 8, 7, 8, 8. அதாவது இரண்டாவது கோடு மட்டும் மாறுகிறது. மாறும் கோடு வந்தாலே வாழ்க்கை புரளப்போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கோடும் மாறும் கோடாக வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆறு கோட்டில் ஒன்றிரண்டு மாறுவது சர்வசாதாரணம்.

அந்தக் கோட்டை மாற்றினால் 54ஆவது வடிவம் வரும்: ‘மணமாகிப் போகும் பெண்’. அதன் தீர்ப்பு வாசகம் (முழு வடிவத்துக்கும் பொதுவாகச் சொல்வது) ‘முன்னேறினால் கேடு’ என்கிறது. நண்பன் பதறியது இங்கேதான். இடி விழும், அப்புறம் கேடு வரும் என்று இரண்டையும் சேர்த்து ஒரு கதையாக்கிக்கொண்டான். புதிதாகப் பார்க்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இரண்டாவது வடிவத்தை எதிர்காலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் ஜூ ஷி இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார். ஒரே ஒரு கோடு மாறினால், முதல் வடிவத்தில் அந்தக் கோட்டுக்குரிய வாசகத்தைத்தான் படிக்க வேண்டும். ஆறில் மூன்று கோடு மாறினால்தான் இரண்டு வடிவத்தின் தீர்ப்பையும் சேர்த்துப் பார்ப்பது. எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை. ஆனால் ஏதாவது ஒரு முறையை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாவிட்டால், மனசு பயப்படுவதையோ ஆசைப்படுவதையோதான் கண் தேடிப் படிக்கும்.

சரி, அந்த இரண்டாவது கோடு என்ன சொல்கிறது? இடி வருகிறது, அபாயம். செல்வம் போகிறது. ஒன்பது குன்றுகளில் ஏறு. துரத்தாதே, ஏழு நாளில் கிடைக்கும். செல்வம் என்ற இடத்தில் மூலத்தில் இருக்கும் எழுத்து சோழியைக் குறிப்பது. சோழி விலைமதிப்புள்ள பொருளாக இருந்த காலத்து வாசகம் இது. நண்பன் ‘செல்வம் போகிறது’ என்பதோடு நிறுத்திக்கொண்டான். துரத்தாதே என்பதுதான் அந்தக் கோட்டின் உயிர். ஏழு நாளைக் காலண்டரில் வட்டம் போடவும் கூடாது. கோடுகள் ஆறு, ஏழாவது அடி வைத்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம், அதனால் ‘ஏழு நாளில்’ என்பதற்கு ஒரு சுற்று முடிந்தால் என்று பொருள் என்பது உரைகாரர்கள் சொல்லும் விளக்கம்.

வடிவத்தின் பெயரையே பலனாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. இடி என்றதும் அழிவு என்று நினைத்துவிடுகிறோம். ஜென் தீர்ப்பில் இருக்கும் காட்சியே வேறு. இடி வரும்போது நடுக்கம், அப்புறம் சிரிப்பும் பேச்சும். நூறு லீ தூரத்துக்கு எல்லோரும் திடுக்கிடுகிறார்கள். ஆனால் முன்னோர் படையலை நடத்துகிறவன் கையிலிருந்து கரண்டியும் மணமூட்டிய மதுவும் நழுவவில்லை. சீன மரபில் ஜென் மூத்த மகனுக்குரிய குறி என்பதும் இதோடு சேர்கிறது. முன்னோர் வழிபாட்டை ஏற்று நடத்த வேண்டியவன் அவன். இடி விழுமா விழாதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. விழத்தான் செய்யும், கரண்டி என்ன ஆகிறது என்பதுதான் பேச்சு. அதனால்தான் "வேலை போகுமா?" என்ற ஆம்-இல்லைக் கேள்வி இங்கே ஒட்டாது. "இந்த நேரத்தில் நான் எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்டிருந்தால் வாசகம் நேராக வந்து உட்கார்ந்திருக்கும்.

அடிக்கடி வரும் சின்னச் சொற்களும் ஏமாற்றும். ‘வூ ஜியூ’ என்றால் பழியில்லை. அதை ‘நல்லது நடக்கும்’ என்று படிப்பார்கள். தவறைச் சரிசெய்துகொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் பழியில்லை என்கிறது பழைய உரை. ‘லி’ என்றால் அபாயம், எச்சரிக்கைதான். கேடு என்பதற்கு ‘ஷியோங்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது.

நண்பன் அன்றிரவு இன்னொன்றும் செய்திருந்தான். முதல் பதில் பிடிக்காததால் அதே கேள்விக்கு இன்னும் மூன்று தடவை உருட்டிவிட்டான். இதற்கு ஐ சிங்கிலேயே பதில் இருக்கிறது, நாலாவது வடிவமான ‘மெங்’கில்: முதல் தடவை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று தடவை கேட்பது அவமதிப்பு, அவமதித்தால் சொல்லமாட்டேன். இதைப் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டான். ‘நடுக்கம், அப்புறம் சிரிப்பு’ வரை வந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது நாள் மறுபடி போன். "ஏழு நாள் ஆச்சு, ஒரு அறிவிப்பும் வரலையே?" ஜென் வடிவத்துக்கான உரையில், அஞ்சி நடுங்கும் நேரத்தில் சான்றோன் தன்னையே ஆராய்ந்து திருத்திக்கொள்கிறான் என்று ஒரு வரி உண்டு. அதைச் சொல்லி, பயோடேட்டாவைப் புதுப்பித்தாயா என்று கேட்டேன்.

"பாதி எழுதியிருக்கேன்" என்றான்.