தக்களியில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா? பஞ்சைப் பாருங்கள்

தக்களியில், அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிரில், நூற்பவர்கள் நூல் அறுந்தால் கையைக் குறை சொல்வார்கள், பாதி நேரம் தப்பு பஞ்சில்தான். மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம், அதில் மெழுகுப்பசையை எடுத்து வெளுத்திருப்பார்கள், இழை பிடிக்காது. சேலத்துக்காரர்களுக்குக் கவலையில்லை, கொங்கணாபுரம் பக்கம் பருத்தி விளைகிறது, தெரிந்த விவசாயியிடம் கொட்டையோடு ஒரு கிலோ கேளுங்கள், அதில் பஞ்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். சருகு, பூச்சி அரித்த சுளை எல்லாம் பொறுக்கிவிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் காயப்போடுங்கள். சூடு ஆறுவதற்குள் பலகையில் வைத்து வழவழப்பான இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை தானாக முன்னால் தெறித்து வரும் (மாடு இருந்தால் அதற்கு யோகம்).

அப்புறம் பன்னுவது, அதாவது பஞ்சைச் சீவி இழை பிரிப்பது. இதில் அவசரப்படவே கூடாது. கம்பிப் பல் வைத்த நாய் சீப்பு இரண்டு போதும், ஒன்றில் பஞ்சை மெல்லிசாகப் பரப்பி மற்றதால் எதிர்ப்பக்கமாக இழுத்து இழுத்து, முடிச்சு ஒன்றுகூட இல்லாமல் புகைபோல ஆகும்வரை. அழுத்திச் சீவினால் இழை முறிந்து குறுணை குறுணையாகத் திரளும், நான் முதல் கால் கிலோவை அப்படித்தான் வீணாக்கினேன். சீவியதைப் பென்சில் கனக் குச்சியில் தளர்வாகச் சுருட்டி, குச்சியை உருவிவிடுங்கள், அந்தச் சுருளிலிருந்துதான் தக்களியில் நூல் இழுப்பது.

மழை நாளில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள், ஈரம் ஏறிய பஞ்சு சீப்பிலேயே அப்பிக்கொள்ளும். ஏற்காட்டில் இருப்பவர்கள் பனி விலகட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.