சீன மொழி பேசுறவங்களுக்கு 'ஹெவி'ங்குற ஒரே வார்த்தைய சொல்லிக்குடுக்குறது எப்படி?

சிங்கப்பூர்ல என்கூட வேல பாக்குற ஒருத்தருக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்குறேன், அவருக்கு சொந்த ஊரு சீனாவுல சோங்சிங். ஒருநாள் என் டப்பாலேர்ந்து வத்தக்குழம்ப ஒரு வாய் வச்சுட்டு "யுவர் ஃபுட் வெரி ஹெவி"ன்னாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, எண்ணெய் ஜாஸ்தியா இருக்கு, வயித்துல கல்லாட்டம் உக்காருதுன்னு சொல்றாருன்னு நெனச்சுட்டேன். ஆனா மனுஷன் ரெண்டாவது கரண்டியும் எடுக்குறாரு! அப்புறம் விசாரிச்சா, உப்பு காரம் தூக்கலா இருந்தா அவங்க மொழில "கொவ்வெய் ஜோங்", அதாவது ருசி கனமா இருக்குன்னு சொல்லுவாங்களாம். அவர் பாராட்டிருக்காரு. நமக்கு 'தூக்கல்', அவங்களுக்கு 'கனம்', இங்கிலீஷ்ல 'ஸ்ட்ராங்'.

அன்னைலேர்ந்து இந்த வார்த்தைய சொல்லிக்குடுக்குற முறையையே மாத்திட்டேன். 'ஜோங்னா ஹெவி'ன்னு ஒரே வரில முடிச்சீங்கன்னா அவங்க அத எல்லா இடத்துலயும் போடுவாங்க, அது அவங்க தப்பில்ல, நாம சொல்லிக்குடுத்த தப்பு. எது எதுகூட சேந்து வரும்னு ஜோடியாதான் குடுக்கணும்.

ஸ்டெப் 1: மொதல்ல தூக்க வைங்க

அஞ்சு கிலோ அரிசிப் பையோ தண்ணி கேனோ, கையில குடுத்துட்டு அவங்க மொழில சொல்லச் சொல்லுங்க. "ஹென் ஜோங்"னு வரும். இப்ப இங்கிலீஷ்ல கேட்டா "திஸ் பேக் வெரி ஹெவி"ன்னுதான் வரும், நடுவுல 'இஸ்' இருக்காது. ஏன்னா சீன மொழில இந்த மாதிரி வாக்கியத்துல 'இஸ்'சுக்கு வேலையே இல்ல, அந்த எடத்துல 'ஹென்'தான் வந்து உக்காருது. 'ஹென்'னா அகராதில 'ரொம்ப'ன்னு போட்டிருக்கும், ஆனா சாதாரணமா பேசும்போது அதுல அவ்வளவு அழுத்தம் கெடையாது, அதனாலதான் அவங்க இங்கிலீஷ்ல எதுக்கெடுத்தாலும் 'வெரி' போடுறாங்க. நமக்கும் "இந்தப் பை கனம்"னாலே போதும்ல, 'இஸ்' எங்க இருக்கு? இத அவங்ககிட்ட சொல்லுங்க, நம்ம மொழியும் இப்படித்தான்னு தெரிஞ்சா கூச்சம் பாதி போயிடும். 'வெரி'ய எடுத்துட்டு "திஸ் பேக் இஸ் ஹெவி", பத்து தடவ.

உச்சரிப்பையும் இங்கயே சரி பண்ணிடுங்க. மாண்டரின்ல இங்கிலீஷ் 'வி' சத்தம் இல்ல, உதட்டக் குவிச்சுதான் சொல்லுவாங்க. நம்ம 'வ'வும் கொஞ்சம் மெத்துன்னுதான் இருக்கும், அதனால நம்மளப் பாத்து சொல்லச் சொல்லாதீங்க. மேல் பல்லு கீழ் உதட்டுல லேசா பட்டு அதிரணும், கண்ணாடி முன்னாடி நின்னு பாக்கச் சொல்லுங்க.

ஸ்டெப் 2: கைல ஏற்கனவே இருக்குறத காட்டுங்க

ஹெவி இண்டஸ்ட்ரி, ஹெவி மெட்டல், ஹெவி ஃபைன், ஹெவி ஆக்சென்ட். இதுக்கெல்லாம் சீனத்துலயும் அதே 'ஜோங்'தான் வருது. மனசு கனத்துப் போச்சுன்னு நாம சொல்றது மூணு மொழிலயும் இருக்கு. இது சீக்கிரம் முடிஞ்சிடும்.

ஸ்டெப் 3: மழ

இங்கதான் நின்னு நிதானமா போகணும். அவங்களுக்கு மழ கனமில்ல, பெருசு: "தா யூ". அதான் "பிக் ரெயின்"னு சொல்றாங்க. தமிழ்ல பெரிய மழைன்னும் சொல்லுவோம், கனமழைன்னும் சொல்லுவோம், அதனால அவங்க எங்க தடுக்குறாங்கன்னு நமக்கு நல்லாவே புரியும். ஹெவி ரெயின், ஹெவி ஸ்னோ ரெண்டும் சரி. ஆனா காத்துக்கு ஸ்ட்ராங் விண்ட், பனிமூட்டத்துக்கு திக் ஃபாக், அங்க ஹெவி வேணாம்.

இன்னொண்ணு, சீன வானிலைத் துறை கணக்குல 'தா யூ'ன்னா 24 மணி நேரத்துல 25 மில்லிமீட்டர்லேர்ந்து 49.9 வரைக்கும், இந்திய வானிலைத் துறைல கனமழ ஆரம்பிக்கறதே 64.5 மில்லிமீட்டர்ல. வார்த்த பொருந்தும், அளவு பொருந்தாது. செய்தி மொழிபெயர்க்குறவங்க இத மனசுல வச்சுக்கணும்.

டிராஃபிக்கும் இதுல சேத்துக்கோங்க. "டிராஃபிக் இஸ் க்ரவுடட்"னு சொல்லுவாங்க, "ஹெவி டிராஃபிக்"னு மாத்திக்குடுங்க.

ஸ்டெப் 4: ஜோங் இருக்கும், ஹெவி வராது

"ஜோங் பிங்"னா கடுமையான வியாதி, இங்கிலீஷ்ல சீரியஸ் இல்னெஸ். "ஜோங் ஷாங்"னா பலத்த காயம், அதுவும் சீரியஸ்தான். "ஜோங் யாவ்"னா முக்கியம். ருசிக்கு ஸ்ட்ராங், இல்லன்னா சால்ட்டி, ஸ்பைசின்னு நேரா சொல்லிடலாம். 'ஹெவி மீல்'னா வயிறு முட்டுற சாப்பாடு, ருசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, வத்தக்குழம்பு குழப்பம் இங்கதான் வந்துச்சு.

என் சீன நண்பரோட ஊர்ப் பேரு சோங்சிங்லயும் அதே 'ஜோங்' எழுத்துதான் இருக்கு, ஆனா அங்க 'சோங்'னு படிக்கணும், 'மறுபடி, ரெட்ட'ன்னு அர்த்தம். 1189ல வந்த பேரு, ரெட்டைக் கொண்டாட்டம்னு பொருள். ஒரே எழுத்துக்கு ரெண்டு உச்சரிப்பு, ரெண்டு அர்த்தம்னு சின்ன வயசுலேர்ந்து பழகுனவங்களுக்கு 'ஹெவி'க்கு நாலு அர்த்தம் இருக்குன்னா அது பெரிய அதிர்ச்சி இல்ல, இத சொன்னப்ப அவர் முகம் தெளிஞ்சத நான் பாத்தேன்.

ஸ்டெப் 5: மனுஷங்க

"ஹீ இஸ் ஹெவி"ன்னா ஆளோட உடம்பு எடை, அத யார்கிட்டயும் மூஞ்சிக்கு நேரா சொல்லக்கூடாதுன்னு சொல்லி வைங்க. "ஹெவி ஸ்மோக்கர்"னா நெறைய சிகரெட் பிடிக்கிறவரு, அவங்க இத 'புகை ஆசை பெருசு'ங்குற மாதிரி சொல்லுவாங்க. "ஹெவி ஸ்லீப்பர்"னா இடி விழுந்தாலும் எந்திரிக்காத ஆளு, அவங்க பேச்சுல தூக்கம் 'ஆழமா முங்குது'.

இதெல்லாம் ஒரே நாள்ல குடுக்காதீங்க, ஒரு ஸ்டெப்புக்கு ஒரு வாரம் எடுத்துக்கோங்க. நோட்டுல வார்த்தைய மட்டும் எழுத விடாம ஜோடியா எழுதச் சொல்லுங்க, ஹெவி ரெயின் ஒரு வரி, ஸ்ட்ராங் விண்ட் அடுத்த வரி. பக்கத்துல அவங்க மொழில இருக்குறத அவங்களே எழுதட்டும். அடுத்த தடவ வெளிய மழ கொட்டும்போது ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போயி, ஒண்ணும் எடுத்துக்குடுக்காம, என்ன தெரியுதுன்னு மட்டும் கேளுங்க.