‘நாளைக்கு எத்தனை கிலோ எடுக்கணும்?’: டிரெண்ட் கணிக்கும் சைட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாப்பூரில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரிடம் எங்கள் சைட்டை முதன்முதலில் காட்டினபோது, மல்லி விலை ஏறி இறங்குவதை அழகான கிராஃபாகப் போட்டிருந்தோம். மிச்சப் பூவை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தவர், "சரி தம்பி, நாளைக்குக் கோயம்பேட்டுல எத்தனை கிலோ எடுக்கணும்? அதைச் சொல்லு" என்றார். எங்களிடம் பதில் இல்லை. பார்க்கிறவர் எந்த முடிவை எடுக்கப்போகிறார் என்று கேட்காமலே டேட்டா சேர்க்க ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவருக்கு, கூட்டியா, குறைச்சா, வழக்கம்போலவா என்று முந்தின நாள் சாயங்காலமே ஒரு வரி வந்தால் போதும்.

எங்களை ரொம்ப நாள் அலைக்கழித்தது காலண்டர். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. போன வருஷம் இதே தேதியோடு ஒப்பிட்டால், பண்டிகைக் கூட்டத்தைப் புது டிரெண்ட் என்று மாடல் (பழைய டேட்டாவைப் படித்துக் கணிக்கும் புரோகிராம்) கொண்டாடும், பத்து நாள் கழித்துச் சரிவு என்று அலறும். பூவில் இது இன்னும் சிக்கல். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், ஆனால் ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்களுக்குப் பூ வேண்டும். மார்கழிப் பனியில் மல்லி விளைச்சல் குறைந்து வரத்து சுருங்குவதால், வாங்குகிற ஆள் கூடாமலே விலை எகிறும். விலையை மட்டும் பார்த்து ‘மவுசு கூடிவிட்டது’ என்று எழுதிவிடாதீர்கள், வரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகூர்த்த நாள், அமாவாசை, பிரதோஷம், தமிழ் மாதம் எல்லாவற்றையும் ஒரு டேபிளாக ஏற்றினோம். நாங்கள் முயன்ற எந்தப் பெரிய மாடலும் அந்த அளவுக்குக் கை கொடுக்கவில்லை.

அடுத்து, தேடல் எண்கள். ஒரு சொல்லை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் 100 என்று வந்தால் அது தேடினவர்களின் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில், இடத்தில் அந்தச் சொல் தொட்ட உச்சம் அது, மற்ற நாள்களெல்லாம் அதற்கு எத்தனை பங்கு என்றுதான் கணக்கு. தனித்தனியாக இறக்கின இரண்டு காலத்தின் எண்களை அப்படியே ஒட்டி ஒரே கோடாக இழுத்தால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. ‘தீபாவளி’, ‘திவாளி’ என்று ஒரே விஷயத்தை ஆளுக்கொரு மாதிரி, அதுவும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தேடுவார்கள், அதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

தேடுகிறவர் எல்லாரும் வாங்குகிறவர் அல்ல என்பதற்குக் கூகுளே பாடம். தேடல்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-ல் தொடங்கிய அதன் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனவர்களின் அளவை அரசுக் கணக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காட்டியது, 2015-ல் மூடினார்கள். செய்தியில் பரபரப்பு ஏறினால் நன்றாக இருப்பவர்களும் தேடுவார்கள் அல்லவா? இங்கே ரெட் அலர்ட் என்று டிவியில் ஓடுகிற நாளை நினைத்துப் பாருங்கள்.

சோதிக்கும்போது பழைய டேட்டாவைக் குலுக்கிப் போட்டு, மாடலுக்குக் கற்றுத்தர ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று பிரிக்காதீர்கள். அப்படிச் செய்தால் வியாழக்கிழமை விலையைப் பார்த்துவிட்டுப் புதன்கிழமையைக் ‘கணிக்கிற’ மாடல்தான் கிடைக்கும். அன்றைக்குக் கையில் இருந்ததை மட்டும் கொடுங்கள். அப்புறம், ‘நாளைக்கும் இன்றைய விலைதான்’ என்ற சாதாரண யூகத்தோடு மோதவிடுங்கள், அதை ஜெயிக்காத மாடலைத் தயவுசெய்து யாருக்கும் விற்காதீர்கள், அதை நம்பிப் பணம் போடுகிறவரின் பூ மறுநாளே வாடிவிடும். ஒற்றை எண்ணும் வேண்டாம், இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்று சொல்லுங்கள்.

இப்போது எங்கள் சாயங்கால மெசேஜில் இரண்டு வரி இருக்கும். மேலே நேற்று நாங்கள் சொன்னதும் இன்று நடந்ததும், கீழே நாளைக்கு. தப்பிப்போன நாளையும் நீக்குவதில்லை. அக்கா மேல் வரியைப் படித்துவிட்டுத்தான் கீழே வருகிறார்.