பரணில் கிடக்கும் கிராமஃபோன் பெட்டியைப் பாட வைப்பது எப்படி?

தாத்தா காலத்து கிராமஃபோன் ஒன்று பரணிலிருந்து இறங்கியிருக்கிறதா? பழைய சாமான் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிட்டீர்களா? எதுவானாலும், கையில் கிடைத்ததும் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த மோட்டாரில் கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் முழுச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துபோகலாம், பல்சக்கரத்தில் பல் உடையலாம். கொஞ்சம் பொறுத்தால் பெரும்பாலான பெட்டிகளை நாமே பாட வைத்துவிடலாம்.

நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படுவது எச்.எம்.வி.யின் 102 என்ற கைப்பெட்டி மாடல். அதை வைத்தே சொல்கிறேன். மற்ற கைப்பெட்டிகளும் உள்ளுக்குள் ஏறக்குறைய இப்படித்தான்.

முதலில், இது என்ன பெட்டி?

சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிச் செல்லலாம், வெளியே புனல் கிடையாது, பக்கவாட்டில் சாவி கொடுக்கும் கைப்பிடியைச் செருகும் துளை இருக்கிறது என்றால் அது கைப்பெட்டி. 101 மாடல் 1925 முதல் 1931 வரை வந்தது. 1931-இல் வந்த 102, 1950-களின் பிற்பகுதி வரை தயாரிக்கப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய நல்ல வழி சவுண்ட் பாக்ஸைப் பார்ப்பது. டோன் ஆர்மின், அதாவது இசைத்தட்டின் மேல் நகரும் கையின் நுனியில், ஊசி மாட்டும் வட்டமான பாகம் அதுதான். அதன் முகத்திலோ முதுகிலோ எண் பொறித்திருப்பார்கள். 101-க்கு உரியது எண் 4, உள்ளே மைக்கா தகடு. 102-இல் பெரும்பாலும் 5ஏ அல்லது 5பி, உள்ளே மெல்லிய அலுமினியத் தகடு. 102 பெட்டியில் எண் 4 மாட்டியிருந்தால் யாரோ நடுவில் மாற்றியிருக்கலாம். கொலம்பியா பெயர் போட்ட பெட்டியும் நல்ல சரக்குதான். 1931-இல் கொலம்பியாவும் எச்.எம்.வி.யும் இணைந்து இ.எம்.ஐ. என்று ஒரே நிறுவனமாகிவிட்டன.

பளபளவென்று பித்தளைப் புனல், அதன் கீழே எட்டுப் பட்டை மரப்பெட்டி, முன்பக்கம் நாய்ப் படம் ஒட்டிய தகடு. இப்படி ஒன்றைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்காகவே இந்தியாவில் இவற்றை ஏராளமாகச் செய்து தள்ளினார்கள், இன்னும் செய்கிறார்கள். உடைந்த கைப்பெட்டியின் மோட்டாரைக் கழற்றிப் புதுப் பெட்டிக்குள் பொருத்திவிடுவார்கள். திருகாணிகளைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி வெட்டு இருக்கும் ஸ்க்ரூ 1930-களில்தான் வந்தது. '1910-ஆம் வருஷத்துப் பெட்டி' என்று சொல்லப்படும் ஒன்றில் அது இருந்தால் ஒன்று பெட்டி புதிது, இல்லை யாரோ பிரித்து மாட்டியிருக்கிறார்கள். சவுண்ட் பாக்ஸில் எழுத்து மழுங்கியிருப்பதும், மரத்தில் புது வார்னிஷ் வாசம் அடிப்பதும் மற்ற அடையாளங்கள்.

என்ன விலை பெறும்?

'நூறு வருஷப் பழசு சார்' என்று கடைக்காரர் சொன்னால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். 102 கால் நூற்றாண்டுக்கும் மேல் தொடர்ந்து விற்ற மாடல், பழமை மட்டும் அதை அரிதாக்கிவிடாது. விலையைத் தீர்மானிப்பவை வேறு: சொந்த சவுண்ட் பாக்ஸ் இருக்கிறதா, கைப்பிடி அதனுடையதுதானா, மூடிக்குள் இசைத்தட்டுகள் வைக்கும் தட்டம் இருக்கிறதா, டோன் ஆர்ம் கூட்டுலோகத்தில் விரிசல் விட்டிருக்கிறதா, மேலுறை கிழியாமல் இருக்கிறதா. கருப்புதான் சாதாரணம். சிவப்பு, நீலம், பச்சை நிறப் பெட்டிகளுக்கு சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவார்கள். ஆனால் அது ஆலையில் போட்ட நிறமாக இருக்க வேண்டும்.

அழகாக்குகிறேன் என்று பெயின்ட் அடித்து, பழைய உறையை உரித்துப் புது ரெக்ஸின் ஒட்டியவர்களை நிறையப் பார்க்கலாம். மதிப்பு அங்கேயே பாதி போய்விடுகிறது. ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்தால் போதும். மூடிக்குள் பழைய கடையின் லேபிள் ஒட்டியிருந்தால் அதைக் கண்டிப்பாகச் சுரண்டாதீர்கள். பெட்டி எந்த ஊரில் விற்றது என்பதற்கு அதுதான் சாட்சி.

மோட்டாரைச் சுத்தம் செய்தல்

1. பிரேக்கை விடுவித்து, சுழல்தட்டை விரலால் மெல்லத் தள்ளுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் சாவி முழுக்க இறங்கட்டும். ஸ்பிரிங்கில் விசை இருக்கும்போது ஒரு ஆணியைக்கூடத் தளர்த்தக் கூடாது.

2. சுழல்தட்டின் இரு பக்கமும் விரல் கொடுத்து நேர் மேலாகத் தூக்குங்கள். அப்புறம் மேற்பலகையின் ஆணிகளைக் கழற்றினால் பலகையோடு மோட்டார் வெளியே வந்துவிடும். ஒவ்வொரு ஆணியைக் கழற்றும் முன்பும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

3. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் காய்ந்த கிரீஸைக் கரைத்துத் துடையுங்கள்.

4. இப்போது கவர்னர். வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதுதான், மோட்டாரிலேயே அழகான பாகமும் இதுதான். ஒரு மெல்லிய தண்டைச் சுற்றி மூன்று சின்ன எடைக்கட்டிகள் பட்டை ஸ்பிரிங்குகளில் தொங்கும். தண்டு சுழலச் சுழல அவை வெளியே விரியும். விரியும்போது ஒரு சிறு வட்டத்தகடு நகர்ந்து தோல் அல்லது ஃபெல்ட் துண்டில் உரசும், வேகம் அதற்கு மேல் ஏறாமல் நிலைத்துவிடும். மூன்று பட்டைகளில் ஒன்று முறிந்தாலும் மோட்டார் அதிரும். தோல் காய்ந்துபோனால் கீச்சென்று கத்தும். தண்டின் இரு முனைக்கும் தோலுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு போதும். பல்சக்கரங்களுக்கு லேசாக கிரீஸ். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து இறுகிவிடும்.

5. ஸ்பிரிங் இருக்கும் டிரம்மைத் திறக்காதீர்கள். உள்ளே சில மீட்டர் நீள எஃகுப் பட்டை சுருண்டு அடைந்திருக்கிறது. சீறி வெளியே வந்தால் கையைக் கிழித்துவிடும். பாடும்போது நடுநடுவே 'தொம்' என்று சத்தம் வந்தால் டிரம்முக்குள் கிரீஸ் காய்ந்திருக்கிறது. கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். இரண்டுக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

சவுண்ட் பாக்ஸ்

மோட்டார் சரியாக ஓடியும் பாட்டு கரகரவென்று, தகரத்தைத் தட்டுவது போலக் கேட்டால் குற்றவாளி பெரும்பாலும் ரப்பர்தான். எண் 4-இல் மைக்கா தகட்டின் இரு பக்கமும் ரப்பர் குழாய் வளையம் இருக்கும். வயதானால் அது பிளாஸ்டிக் போல இறுகி, தகட்டை அதிரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதே தடிமனில் மிருதுவான குழாயை, முனைகள் இடைவெளி இல்லாமல் சேரும்படி வெட்டிப் பொருத்துங்கள். மைக்காவின் நடுவில் மெழுகுச் சொட்டு இருந்தால் அழுக்கென்று சுரண்டிவிடாதீர்கள், இணைப்பில் காற்று புகாமல் காப்பது அது. 5ஏ, 5பி வகைகளைத் தொடக்கத்தில் திறக்காமல் இருப்பதே நல்லது. அந்த அலுமினியத் தகட்டில் விரல் பட்டாலே நசுங்கிவிடும்.

வேகம் பார்த்து, ஊசி மாட்டி

ஏற்கெனவே கீறல் விழுந்த ஒரு 78 தட்டை (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டு) எடுத்து, விளிம்புக்குக் கீழே ஒரு காகிதத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே எண்ணுங்கள், ஊசி அழுத்தும்போது வேகம் சற்றுக் குறையும். அரை நிமிஷத்தில் 39 சுற்று வந்தால் சரி. இல்லையென்றால் வேகக் கட்டுப்பாட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அரக்குத் தட்டில் கலந்திருக்கும் கல்தூள் ஊசியைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்கிறது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். அது முடிவதற்குள் ஊசி நுனி உளி போலத் தேய்ந்திருக்கும், அதையே அடுத்த தட்டில் வைத்தால் பள்ளத்தைச் செதுக்கிவிடும். பின்னாளில் வந்த எல்.பி. எனும் வினைல் தட்டை இதில் வைக்கவே கூடாது. சவுண்ட் பாக்ஸின் எடை நூறு கிராமுக்கு மேல், எல்.பி. தட்டு பழகிய எடையோ இரண்டு கிராம் அளவுதான். ஒரே ஓட்டத்தில் தட்டு வீணாகிவிடும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பு நிதானமாகச் சாவி கொடுங்கள். கை இறுக்கத்தை உணர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். கேட்டு முடிந்தபின் சாவி இறங்கும்வரை சுழலவிட்டு மூடி வையுங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து அடுக்குங்கள். துடைப்பதற்கு ஸ்பிரிட், சானிட்டைசர் எதுவும் தொடக் கூடாது, அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். சோப்பு நீரில் பிழிந்த துணியால், நடு லேபிள் நனையாமல், பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைத்து உலரவிடுங்கள்.