இடைநிலை ஆங்கிலச் சொற்களைப் பழகும் முறை

அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய ஈராயிரம் சொற்களைத் தாண்டிவிட்டவர்கள், அடுத்து எதைப் படிப்பது என்று தேடி அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டியதில்லை. நியூசிலாந்தின் மொழியியலாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள், உள்ளன. பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை அவை. அவற்றோடு, படிக்கும் செய்தித்தாளில் இடறும் சொற்களையும் சேர்த்து, நாளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டால் போதும். இருபது என்று வீறாப்பாகத் தொடங்கிய நோட்டுகள் பாதியில் நின்றுபோவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி உருப்போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'ரிலக்டன்ட்', 'ஹெசிடேட்' இரண்டுக்கும் 'தயக்கம்' என்றே குறித்துக்கொள்கிறோம். மனம் ஒப்பாமல் இருக்கும் நிலை முதலாவது. செய்யவோ சொல்லவோ முற்படும்போது ஒரு கணம் தாமதிப்பது இரண்டாவது. விருந்துக்குப் போகவே பிடிக்காதவர் ரிலக்டன்ட். வாசல் வரை வந்து அழைப்பு மணியை அழுத்தாமல் நிற்பவர் ஹெசிடேட் செய்கிறார். இதைவிடப் பெரிய பள்ளம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் 'தயங்கு' வினைச்சொல் என்பதால், 'ஐ ரிலக்டன்ட் டு கோ' என்று நம்மை அறியாமல் எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ரிலக்டன்ட்' பெயரடை ஆகையால், 'ஐ ஆம் ரிலக்டன்ட் டு கோ' என்றுதான் வர வேண்டும். 'எதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின்னால் 'அபவுட்' ஒட்டிக்கொள்வதும் இதே கதைதான்.

ஆகவே நோட்டில் தனிச்சொல்லை எழுதாமல், அது வரும் வாக்கியத்தை முழுவதுமாக எழுதி, சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்பவற்றை அடிக்கோடிட வேண்டும். கீழே அதன் குடும்பத்தையும் சேர்க்கலாம். வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது இங்கே கட்டாயம். 'அனலைஸ்' முதல் அசையிலும், 'அனாலிசிஸ்' இரண்டாம் அசையிலும், 'அனலிட்டிக்கல்' மூன்றாம் அசையிலும் அழுத்தம் பெறுவதைக் கண் காட்டிக்கொடுக்காது.

மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என இடைவெளியை நீட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போது வாக்கியத்தில் அந்தச் சொல்லை மட்டும் விரலால் மறைத்து நினைவிலிருந்து நிரப்புங்கள். வராத சொல் மீண்டும் முதல் நாள் கணக்கிலிருந்து தொடங்கட்டும்.